ஜவ்வாது மலை மக்களின் ரத்தக் கணக்கும் நம் ஊர்ச் செருப்பும்

(லாங் பஜாரில் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைய கூட்டத்தின் முன் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஜவ்வாது மலையில் மருத்துவ முகாம் ஒன்று நடத்தி, அங்குள்ள மக்களுக்குச் சத்து டானிக் பாட்டில்களும் புரோட்டீன் பவுடர் டப்பாக்களும் வழங்க வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. நல்ல எண்ணத்தில் வந்த கோரிக்கை. பணம் தரவும் சிலர் முன்வந்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அந்தப் பணத்தை எப்படிச் செலவழித்தால் மலையில் ஒரு தாயின் ரத்தம் உண்மையிலேயே ஊறும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். "நம் தெருவிலேயே சோகை பிடித்த பெண்கள் இருக்கும்போது மலைக்கு ஏன் போக வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலை நம் தொழிலிலேயே தேடலாம்.

இந்த வட்டாரத்தில் தோல் தொழில் எப்படி வளர்ந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். குரோம் வருவதற்கு முன்னால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தொட்டிகளில் ஊறியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஈஸ்ட் இந்தியா தோல் என்று வெளிநாட்டில் பெயர் வாங்கிய சரக்கு அப்படிப் பதப்பட்டது. கடுக்காய் காட்டிலும் மலையிலும் விளைவது. அதைப் பொறுக்கி, காயவைத்து, கீழே கொண்டுவந்தவர்களில் ஜவ்வாது மலை மக்களும் உண்டு. இன்றைக்கும் மலையிலிருந்து புளி, தேன், சாமை, பலா இறங்கி வருகின்றன. நம் மண்டிகளும் கடைகளும் அவற்றை வாங்கி விற்கின்றன. ஆகவே மலை நமக்கு அந்நியமல்ல. அங்குள்ளவர்கள் நம்மோடு நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் வைத்தவர்கள். ஸதகாவுக்கு மதமோ சாதியோ தடையில்லை. பக்கத்தில் இருப்பவருக்குரிய கடமை வேறு இருக்கிறது.

அவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுவோம். அரசுப் பட்டியலில் அவர்கள் பெயர் 'மலையாளி'. கேரளத்துக்காரர்கள் என்று பொருளல்ல, மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருள். ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மலைகளில் பரவி வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தமிழகப் பழங்குடிகளில் அதிக எண்ணிக்கை உள்ளவர்கள் இவர்களே. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் தலைமையிடம். அணைக்கட்டுப் பக்கம் பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற ஊர்கள் நம் வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே வருகின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்து ஒரு சிறு குழந்தை இறந்ததும், சரியான சாலை இல்லாத காரணத்தால் குழந்தையின் உடலைக் கையில் சுமந்து பெற்றவள் மலையேறியதும் செய்தித்தாள்களில் நாம் எல்லாரும் படித்ததுதான். அந்த ஊர் இந்தக் கடைத்தெருவிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மலை மக்களின் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பார்ப்பது எப்படி? பார்த்த எண்களை எப்படிப் படிப்பது?

ரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு கடையின் கணக்கு போல நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெருவில் ஒரு கடையின் முகப்பில் மூட்டைகள் நிறைந்திருக்கும். ஆனால் பின்னால் கிடங்கு காலியாக இருக்கலாம். வியாபாரி வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். கிடங்கில் இருக்கும் கடைசி மூட்டையையும் எடுத்து முன்னால் அடுக்கி வைப்பார். நம் உடம்பும் அப்படித்தான்.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகச் சிறு பங்கு. ஆனால் இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் அந்தச் சிறு பங்கு குறையவே கூடாது. அதனால் சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால், உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். தாளில் '9.2' என்று ஒழுங்கான எண் வரும். எலும்பு மட்டும் வருஷக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். ரத்தக் கால்சியம் சரியாக இருக்கிறது, ஆகவே இந்தப் பெண்ணுக்குக் குறையில்லை என்று சொல்வது, முகப்பைப் பார்த்துவிட்டுக் கிடங்கு நிறைந்திருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி, அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியமும் குறைந்தது போலத் தெரியும். ஆனால் வேலை செய்யும் கால்சியம் சரியாகவே இருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் அல்புமின் எண்ணையும் சேர்த்துப் பார்த்துத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். ஒரு எண்ணைத் தனியாகப் படித்தால் ஏமாந்துபோவோம்.

துத்தநாகம் என்கிற ஜிங்க் இன்னும் மோசம். உடம்பில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்த நீரில் இருக்கிறது. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே ஜிங்க் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதற்கென்று தனியான குழாய் வேண்டும். முகாமில் கூட்டத்தோடு கூட்டமாக எடுக்கக்கூடிய பரிசோதனை அல்ல அது.

இரும்புக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. கிடங்கில் இருப்பதைக் காட்டும் எண் ஃபெரிட்டின். இரும்பு குறையும்போது முதலில் காலியாவது கிடங்கு. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு (நடு மூன்று மாதங்கள் நீங்கலாக) 11-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே இறங்கினால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்டவரை டானிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

ஃபெரிட்டினிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காய்ச்சல், புண், கிருமித்தொற்று இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும். கிடங்கு காலியாக இருந்தாலும் எண் நிறைவாகக் காட்டும். தொற்று அதிகமுள்ள மலைக் கிராமத்தில் இது சாதாரணம். அதனால் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையையும் கூடவே பார்க்க வேண்டும்.

புரதத்திலும் இதே கதை. 'மொத்தப் புரதம்' என்ற எண் 6-லிருந்து 8-க்குள் இருந்தால் சரி என்பார்கள். ஆனால் அந்த மொத்தத்துக்குள் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அல்புமின், மற்றொன்று குளோபுலின். அடிக்கடி தொற்றோடும் புழுவோடும் போராடும் உடம்பில் எதிர்ப்புப் புரதங்களான குளோபுலின்கள் ஏறும், அல்புமின் இறங்கும். இரண்டையும் கூட்டினால் மொத்தம் சரியாக வரும். காடுகளிலும் மலைகளிலும் வாழும் மக்களிடம் இதை உலகின் பல பாகங்களில் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, மொத்தத்தை மட்டும் பார்த்தவர் 'இவர்களுக்குப் புரதம் போதும்' என்பார். அல்புமினை மட்டும் பார்த்தவர் 'இவர்கள் பட்டினி கிடக்கிறார்கள், புரோட்டீன் பவுடர் கொடுங்கள்' என்பார். இருவரும் பாதியைத்தான் பார்த்தவர்கள். அல்புமின் குறைவது சாப்பாடு போதாததால் மட்டுமல்ல. தொற்று, கல்லீரல் நோய், சிறுநீரகக் கசிவு, குடலில் ரத்தக் கசிவு எதனாலும் குறையலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பவுடர் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

பொலிவியா நாட்டின் காடுகளில் சிமானே என்றொரு பழங்குடி இருக்கிறது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. உலகில் அதுவரை ஆராயப்பட்ட மக்களிலேயே இதய ரத்தக்குழாய் அடைப்பு மிகக் குறைந்தவர்கள் அவர்கள்தான் என்று அது காட்டியது. அதே மக்களின் ரத்தத்தில் தொற்றின் அடையாளங்களும் அதிகமாக இருந்தன. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழங்குடியின் ரத்தம் என்றாலே குறைபாடு என்று எண்ணி இரக்கத்தோடு மட்டும் மலையேறக் கூடாது. மலையேறி இறங்கும் உழைப்பில் அவர்களுக்கு நம்மைவிட நல்லதாக இருக்கும் விஷயங்களும் உண்டு. நம் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரை வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று இந்த அரங்கிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

சரி, அந்த ஓட்டைக் குடத்தின் ஓட்டை எங்கே? ஜவ்வாது மலைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு முக்கியமான பதில் காலடியில் கிடக்கிறது. அதுதான் கொக்கிப்புழு.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது பொரித்துப் புழுக்குஞ்சாகிறது. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. தோல் வழியாகவே போகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் எகிப்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, 1898 வாக்கில், தற்செயலாகத் தன் கையில் சிந்திய நீரிலிருந்துதான் கண்டுபிடித்தார். உள்ளே போன புழு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து, சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது.

ஒரு புழு ஒரு நாளைக்கு, வகையைப் பொறுத்து, 0.03 முதல் 0.2 மில்லி லிட்டர் வரை ரத்தத்தை வீணாக்கும். அற்பம் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். வயிற்றில் 100 புழு இருந்தால் நாளுக்கு 3 முதல் 20 மில்லி. ரத்ததான முகாமில் நாம் ஒரு முறை கொடுப்பது 350 மில்லி. பெண்களாக இருந்தால் அடுத்த முறை கொடுக்க 4 மாதம் காத்திருக்கச் சொல்கிறோம். புழு லேசான வகையாகவே இருந்தாலும், அந்த 4 மாதத்துக்குள் ஒரு முழு யூனிட் ரத்தம் அந்த மலைப் பெண்ணின் உடம்பிலிருந்து போய்விடுகிறது. ரத்ததானம் செய்தவருக்கு ஜூஸும் பிஸ்கட்டும் சான்றிதழும் தருகிறோம். இவளுக்கு யாரும் எதுவும் தரவில்லை. மறுநாள் காலையில் விறகு சுமக்கப் போகிறாள். போகும் ரத்தத்தோடு இரும்பும் போகிறது, அல்புமினும் போகிறது. தாளில் இரண்டு எண்களும் சேர்ந்து இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. டீவார்ம்-3 என்ற பெரிய ஆய்வு 2017-இல் தொடங்கி ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் எவை தெரியுமா? ராணிப்பேட்டைப் பக்கத்துத் திமிரி வட்டாரமும், நம் ஜவ்வாது மலையும். நடத்தியது வேலூர் சி.எம்.சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் புழு மாத்திரை கொடுப்பதா, ஊரில் உள்ள எல்லாருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை 3 ஆண்டுகள் கொடுப்பதா, எதனால் மண்ணில் புழுவின் சுழற்சி நிற்கும் என்று பார்ப்பதே அதன் நோக்கம். அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள விவரத்தைக் கவனியுங்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-லிருந்து நடக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கிடைக்கிறது. ஆனால் கொக்கிப்புழுவை அதிகம் சுமப்பவர்கள் பெரியவர்கள். காட்டிலும் கொல்லையிலும் வேலை செய்பவர்கள் அவர்கள்தானே. அவர்களுக்கு மாத்திரை போய்ச் சேருவது அரிது. மாத்திரை போட்டவருக்கும் மறுபடி வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தால் மறுபடி புழு ஏறும்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தைக்கிற ஷூ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கால்களில் ஏறுகிறது. உலகத்துக்கே செருப்புத் தைத்துக் கொடுக்கும் வட்டாரம் இது. நம் கண்ணெதிரே நிற்கும் மலையில் பிள்ளைகளும் பெண்களும் வெறுங்காலோடு நடக்கிறார்கள், காலடி வழியாகவே அவர்கள் ரத்தம் போகிறது. இதைவிட நம் நெஞ்சைத் தைக்க வேண்டிய செய்தி வேறு இல்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 100 ஆண்டுகளுக்கு முன் இதே கொக்கிப்புழு இருந்தது. அங்குள்ள ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று ஊரே ஏசியது. 1909-இல் ராக்ஃபெல்லர் பணத்தில் ஓர் ஆணையம் அமைத்து, மருந்து கொடுத்து, கழிப்பறை கட்டச் சொல்லி, காலில் செருப்புப் போடச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். சோம்பல் என்று பேர் வாங்கியது சோகை என்று பிறகு எல்லாருக்கும் புரிந்தது. இங்கேயும் மலைக்காரர்களைப் பற்றி அப்படிப் பேசுபவர்கள் உண்டு. பேசுவதற்கு முன் அவர்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அடுத்தது டீ. இதில் நம் தோல்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் என்ன ஆகும்? கறுத்துப்போகும். பட்டைத் தோலில் ஈர இரும்பு பட்டால் நீலக்கறுப்புக் கறை விழும், சரக்கு கெட்டுவிடும். அதனால்தான் தொட்டிப் பக்கம் துருப்பிடித்த இரும்பை விட மாட்டார்கள். கடுக்காயில் உள்ள டானின் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் காரணம். தேயிலையிலும் அதே குணமுள்ள பொருட்கள் இருக்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. உடம்புக்குச் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வீணாகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையிலும் இப்போது டீ வந்துவிட்டது, காலைப் பசிக்கு அதுவே ஆகாரமாகவும் ஆகிவிடுகிறது. நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம். இஃப்தாரில் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் டீ வந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த நஷ்டம் பெருமளவு குறையும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். நெல்லி மலையில் விளைவது, காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

இதை மலைக்கு மட்டும் சொல்லவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. இந்தியா முழுவதும் 57 சதவீதம். பழங்குடிப் பெண்களிடம் ஏறக்குறைய 65 சதவீதம். மலைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். கறி சாப்பிடும் நம் வீடுகளிலும் சோகை ஏன் என்று கேட்டால், பந்தியில் ஈரல் துண்டு யார் தட்டுக்குப் போகிறது, கடைசியாகச் சட்டியில் மிஞ்சும் குழம்பு யாருக்கு என்பதைக் கவனித்தால் போதும். ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு நம் பதில், இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்வோம் என்பதே. மலைக்கு எந்தப் பரிசோதனையோ, நம் மஹல்லாப் பெண்களுக்கும் அதே பரிசோதனை.

டானிக் பாட்டிலை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்டார்கள். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. ஃபோலிக் அமிலக் குறைவு, பி-12 குறைவு இருக்கலாம். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறும் இருக்கலாம். இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டிலேதான். நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். 2023 ஜூலை 1-இல் மத்திய அரசு அதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த நோயோ தலசீமியாவோ உள்ளவருக்கு, அதிலும் ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு, இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். பார்க்காமல் கொடுப்பது தர்மம் ஆகாது.

இனி ரத்தம் எடுப்பதைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இதை நம் மார்க்க மொழியிலேயே சொல்லிவிடலாம், எடுக்கும் ரத்தம் அமானிதம். சொந்தக்காரர் எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும்.

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி. சர்க்கரை நோய்க்குக் காரணம் பார்க்கிறோம் என்று 1990-களின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் அவர்களிடம் ரத்தம் எடுத்தது. பிறகு அதே ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. பிரேசில் காட்டின் யானோமாமி மக்களிடம் 1960-களில் எடுத்த ரத்தம் பல பத்தாண்டுகள் அமெரிக்க ஆய்வகங்களின் குளிர்பெட்டியில் கிடந்தது. இறந்தவரின் உடலில் எதையும் மிச்சம் வைக்காத வழக்கம் அவர்களுடையது. தங்கள் முன்னோரின் ரத்தம் எங்கோ உறைந்து கிடக்கிறது என்று அறிந்து அவர்கள் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. 2015-இல்தான் ஒரு பகுதி திரும்பி வந்தது, அதை மண்ணில் புதைத்தார்கள்.

நாம் எடுக்கப்போவது ஆராய்ச்சிக்கு அல்ல, ஆனாலும் ஒழுங்கு அதே ஒழுங்குதான். எதற்காக எடுக்கிறோம் என்று அவர்கள் மொழியில், ஊர் நாட்டாமை முன்னிலையில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றவருக்கும் மற்ற உதவி எதுவும் குறையக் கூடாது. முடிவுத் தாள் அவரவர் கையில் போய்ச் சேர வேண்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். முகாம் நடந்தது, 300 பேருக்கு ரத்தம் எடுத்தோம், போட்டோ வந்தது, தாள் மட்டும் வரவில்லை என்ற நிலை வரவே கூடாது. படமும் வேண்டாம். கொடுப்பவர் கை தெரியாமல் கொடுப்பது நம் பெரியவர்கள் காட்டிய வழி.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கையில் கட்டும் பட்டையை இறுக்கி நெடுநேரம் வைத்திருந்தால் புரதமும் கால்சியமும் பொய்யாக ஏறிக் காட்டும். நின்றவரிடமும் படுத்தவரிடமும் எடுத்தால் எண் மாறும். மலைச்சாலையில் வண்டி குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்தால் பொட்டாசியமும் இரும்பும் தவறாக ஏறும். ஆகவே அங்கேயே, ஜமுனாமரத்தூரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, குழாயைச் சுற்றிப் பிரித்து, குளிர்ச்சியில் வைத்துத்தான் கீழே கொண்டுவர வேண்டும். இதற்குத் தெரிந்தவர்கள் வேண்டும். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று உலகப் புகழோடு நிற்கும் ஊர் இது. அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அரைகுறையாக முகாம் நடத்தக் கூடாது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நாம் வைக்கும் யோசனை இது.

ஒன்று. டானிக்குக்கும் பவுடருக்கும் ஒதுக்க நினைத்த பணத்தில் பெரும் பங்கைச் செருப்புக்கு மாற்றுவோம். பெரியவர், பிள்ளைகள், பெண்கள் எல்லார் காலுக்கும் அளவெடுத்து, மலைப்பாதை தாங்கும் செருப்பு. கழிவுச் சரக்கு வேண்டாம். நம் பிள்ளைக்கு வாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். தொழில் செய்யும் சகோதரர்கள் இதில் மனது வைத்தால் செலவு பாதியாகும். தேய்ந்ததும் மாற்றித் தரும் ஏற்பாடும் கூடவே இருக்க வேண்டும்.

இரண்டு. குடற்புழு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் அரசு இலவசமாகத் தருகிறது. அதை நாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அது பெரியவர்களுக்கும் தவறாமல் போய்ச் சேர சுகாதாரத் துறையிடம் பேசுவதும், கிராம சுகாதாரச் செவிலியர் ஊருக்குப் போய்வர வண்டிச் செலவுக்கு உதவுவதும் நம் வேலை.

மூன்று. முதல் சுற்றில் ஹீமோகுளோபின் மட்டும் எல்லாருக்கும். குறைந்தவர்களுக்கு மட்டும் ஃபெரிட்டின், சி.ஆர்.பி., அல்புமின், அரிவாள் செல் பரிசோதனை. ஒரே நாளில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் எடுத்துப் பணத்தையும் ரத்தத்தையும் வீணாக்க வேண்டாம்.

நான்கு. 3 மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். மறுபடி போகாத முகாமை முகாம் என்றே எண்ணக் கூடாது. எண் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஏறிய பிறகும் கிடங்கு நிறையும் வரை இன்னும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும். மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், வயிறு சற்றுப் புரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

ஐந்து. புரதத்துக்கு டப்பா வேண்டாம். முட்டை, நிலக்கடலை, துவரை, மொச்சை, கொள்ளு போதும். அவர்கள் விளைவிக்கும் சாமையையும் புளியையும் தேனையும் இந்தத் தெரு நியாயமான விலைக்கு எடுக்குமானால், முட்டை வாங்கும் காசு அவர்கள் கையிலேயே இருக்கும். எடையில் ஒரு கிராம்கூடக் குறையாமல் நிறுத்து, பேசிய விலையை அன்றே கொடுத்தால், அதுவும் அவர்கள் ரத்தத்தில் ஊறும். தராசு பிடிக்கும் கைகள் நிறைந்த கூட்டம் என்பதால் இதைச் சொல்கிறோம்.

ஆறு. இதே பட்டியலை நம் மஹல்லாவிலும் நடத்துவோம். வரும் ரமலானுக்கு முன் நம் பெண்களுக்கும் வயது வந்த பெண் பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும். 7, 8 என்று இருப்பவர்கள் நோன்பு வைப்பது பற்றி மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

யோசனையில் குறை இருந்தால் எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். செருப்பு தருவதாக ஒப்புக்கொள்பவர்கள் எத்தனை ஜோடி என்பதையும், வண்டியோ நேரமோ தரக்கூடியவர்கள் எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் இன்றைக்கே செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மண் ஈரமாகும், புழுவும் பெருகும், பாதையும் கெடும். அதற்கு முன் முதல் சுற்றை முடித்துவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.